கை நனைத்த வீடு

ஜூன் 8, சனி

ஜப்பானிய வகுப்பில் புது உத்தரவு. தினமும் மூன்று வரி நாட்குறிப்பு எழுதிவர வேண்டுமாம், அதுவும் ஜப்பானிய மொழியில். "இன்று வெயில். சோறு சாப்பிட்டேன். ருசியாக இருந்தது" என்று எழுதிக் கொடுத்தேன். டீச்சர் ஒகாஜிமா சான் (சான் என்றால் நம் ஊர் 'அவர்கள்' மாதிரி) சிவப்புப் பேனாவால் தாள் நிறைய ஒரு வட்டம் போட்டுத் தந்தார். முட்டை மார்க் வாங்கிவிட்டோமே என்று என் முகம் சுண்டிப்போனது. இந்த ஊரில் வட்டம் என்றால் சரி என்று அர்த்தமாம். பக்கத்தில் இருந்த வியட்நாம் பெண் சொல்லித்தான் தெரிந்தது.

மூன்று வரியோடு நிறுத்த என் வாய்க்குப் பழக்கமில்லை. மிச்சத்தை நோட்டின் பின்பக்கத்திலிருந்து தமிழில் எழுதிக்கொள்ளப் போகிறேன். கோவில்பட்டியில் பேசியே பொழுதைக் கழித்த செண்பகவல்லிக்கு ஹமமாட்சுவில் பேச்சுத்துணை யார் இருக்கிறார்கள்? வீட்டுக்காரர் சங்கரபாண்டி ஆபீசிலிருந்து வந்தால் டிவி ஓடாவிட்டாலும் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மதிக்கு எட்டு வயது. இங்கேயே பள்ளிக்கூடம் போவதால் நான் பேசுகிற ஜப்பானியத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறாள். ஒகாஜிமா சானுக்கு என் வயதுதான் இருக்கும். மருந்துக்கடையில் வேலை, சனிக்கிழமை காலையில் சமூகக் கூடத்தில் எங்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறார். நல்ல மனுஷி. எந்த வாக்கியத்தையும் முடிக்க மாட்டார் என்பது ஒன்றுதான் குறை.

குப்பை வண்டிக்காரர்கள் எங்கள் பையை மட்டும் ஸ்டிக்கர் ஒட்டி விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பாட்டில் மூடியைக் கழற்றவில்லையாம். தெருவே பார்க்க அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 11

இன்று எழுத முடியாது.

ஜூன் 12

நேற்று இவர் காரில் வீட்டுக்கு வரும்போது சிக்னலில் இடதுபக்கம் திரும்பியிருக்கிறார். மழை. இவருக்கும் பச்சை, நடப்பவர்களுக்கும் பச்சை. குடை பிடித்துக் கடந்துகொண்டிருந்த ஒரு அம்மாள்மேல் கார் இடித்துவிட்டது. தகாமுரா என்று பெயர். எழுபத்தெட்டு வயது. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் நடந்திருக்கிறது. போலீஸ்காரர்கள் இவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"கொடையத்தான் பாத்தேன் செண்பகம். ஆளப் பாக்கல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உப்புமா கிண்டி வைத்தேன். யாரும் சாப்பிடவில்லை.

இன்சூரன்ஸ்காரர் போனில் சொன்னார்: "எல்லாவற்றையும் எங்களிடம் விட்டுவிடுங்கள்." அந்தக் குரலில் இருந்த நிம்மதியில் எனக்கும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம்.

ஜூன் 13

தேவசகாயம் அண்ணன் வந்தார். இவரோடு வேலை பார்ப்பவர், நாகர்கோவில்காரர், பத்து வருஷமாக இங்கே இருப்பவர். இந்த ஊரில் எங்களுக்கு இருக்கும் ஒரே தமிழ் நாதி.

"தங்கச்சி, ரெண்டு பேரும் அந்த வீட்டுப் பக்கமே போயிராதீங்க. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை வாயில வந்துச்சுன்னா தப்ப ஒத்துக்கிட்டதா ஆயிரும். கேஸ் ஸ்ட்ராங் ஆயிரும். நவம்பர்ல விசா புதுப்பிக்கணும்லா? ஜெயிலு கியிலுன்னு ஆச்சுன்னா அம்புட்டுதான்."

 இவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். படித்தவர், அனுபவஸ்தர், சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

ஜூன் 15, சனி

வகுப்புக்குப் போக மனசில்லை. வீட்டில் இருந்தால் இன்னும் மோசம் என்று போனேன். ஒகாஜிமா சான், "என்ன ஆயிற்று?" என்று கேட்டதும் அழுதுவிட்டேன். எனக்குத் தெரிந்த ஜப்பானியத்தில், கையைக் காலை ஆட்டி, பேப்பரில் காரும் குடையும் படம் போட்டுச் சொல்லி முடித்தேன்.

"என்றைக்குப் போய்ப் பார்த்தீர்கள்?" என்றார்.

"இன்னும் போகவில்லை."

அவர் பல்லிடுக்கில் மூச்சை உள்ளே இழுத்தார். இந்த ஊர்க்காரர்கள் அப்படி இழுத்தால் ஏதோ முழுகிப்போய்விட்டது என்று பொருள். அன்றைக்கே போயிருக்க வேண்டுமாம். தப்பு யார்பேரில் என்பது அப்புறமாம். போய்க் குனிய வேண்டுமாம். இன்சூரன்ஸ்காரர் பணத்தைப் பேசத்தானாம், மனசைப் பேச அல்லவாம். நாளைக்கே போங்கள் என்று இனிப்புக்கடைக்கு வழி வரைந்து கொடுத்தார்.

இனிப்பா! ஒருத்தர் இடுப்பை உடைத்துவிட்டு ஸ்வீட் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போவதா? நம் ஊரில் போனால் அதே பாக்ஸால் மண்டையை உடைத்து அனுப்புவார்கள். ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்க சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் கொண்டுபோகிற சாதி நாம். ஆனால் இங்கே இனிப்புதானாம், அதுவும் கனமான இனிப்பு. பெட்டி லேசாக இருந்தால் மன்னிப்பும் லேசு என்று நினைப்பார்களாம். "வீட்டில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இருக்கிறது, அதுவும் கனம்தான்" என்றேன். ஒகாஜிமா சான் சிரிக்கவில்லை.

கறுப்புத் துணி உடுத்த வேண்டும். நகை கூடாது. காரணம் சொல்லவே கூடாது. மழை, பச்சை விளக்கு, குடை எதையும் வாயைத் திறந்து சொல்லக் கூடாது. காரணம் சொன்னால் அது மன்னிப்பு இல்லையாம். எங்கள் பக்கத்தில் காரணம் சொல்லாமல் வெறும் மன்னிப்பு கேட்டால் திமிர் என்பார்கள். 'மோஷிவகே கொசாய்மாசென்' என்பதுதான் வார்த்தை, சொல்லிக்கொள்ளச் சாக்கே இல்லை என்று அர்த்தமாம். கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது. பதினொரு மணிவரை அதையே சொல்லவைத்தார்.

"வாசலிலேயே பேசிவிட்டுத் திரும்பிவிடுங்கள். ஒருவேளை உள்ளே கூப்பிட்டால்…" என்று இழுத்தார். பிறகு, "கூப்பிட மாட்டார்கள் என்று நினைக்கிறேன்" என்றார்.

ஜூன் 16

முருகா, நீ கைவிடவில்லை.

காலையில் கறுப்புப் புடவையை எடுத்ததற்கே மனசு கிடந்து அடித்துக்கொண்டது. நோயாளி வீட்டுக்குக் கறுப்பில் போவதா? வளையலைக் கழற்றினேன். தாலிச்சங்கிலியை ஜாக்கெட்டுக்குள் விட்டேன். பொட்டை மட்டும் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரரைக் காப்பாற்றப் போகிறேன், வெறும் நெற்றியோடா? கடுகளவு வைத்துக்கொண்டேன்.

தகாமுரா வீட்டில் மகனும் மருமகளும் இருந்தார்கள். மகனுக்கு ஐம்பது வயது இருக்கும், ஒல்லி, கண்ணாடி. செருப்பு விடுகிற இடத்திலேயே நின்று இரண்டு பேரும் குனிந்தோம். நான் அந்தக் கூழாங்கல் வார்த்தையைச் சொன்னேன். இவருக்கு அதுகூட வரவில்லை, உதடு மட்டும் ஆடியது. நாங்கள் நீட்டிய இனிப்புப் பெட்டியை மகன் வாங்கி ஓரமாக வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மருமகள், "உள்ளே வாருங்கள்" என்றார்.

ஒகாஜிமா சான், பார்த்தீர்களா? கூப்பிட்டார்கள்!

பாய் விரித்த அறையில் முழங்காலை மடித்து உட்கார்ந்தோம். மருமகள் தட்டில் வைத்து எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தார். கூடவே ஆளுக்கொரு அரிசி பிஸ்கட். அதைப் பார்த்ததும் என் வயிற்றில் பால் வார்த்தது. பகை இருக்கிற வீட்டில் பச்சைத்தண்ணி கொடுப்பார்களா? வாய்க்கால் தகராறில் எங்கள் சித்தப்பாவும் பெரியப்பாவும் ஏழு வருஷம் பேசாமல் இருந்தார்கள். சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் பெரியப்பா இலையில் உட்கார்ந்து கை நனைத்தார், அத்தோடு முடிந்தது வழக்கு.

இவர் கப்பைத் தொடாமல் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார்.  "குடிங்க. குடிக்கலேன்னா மதிக்கலேன்னு நெனைச்சுக்கிடுவாக" என்று முணுமுணுத்தேன். ஒரே மடக்கில் குடித்தார். நானும் குடித்தேன், பிஸ்கட்டையும் தின்றேன். மருமகள் மறுபடி ஊற்றினார். அதையும் குடித்துவிட்டு, "ரொம்ப ருசி" என்று ஜப்பானியத்தில் சொன்னேன். மகன், "அப்படியா" என்றார். எவ்வளவு பொறுமையான மனுஷன்.

பஸ்ஸில் வரும்போது இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் பொது இடத்தில் இது முதல் தடவை.

ஜூன் 17

அம்மாவிடம் போனில் சொன்னேன். "கை நனைச்சிட்டீகளா? பெறவென்ன, பேசாம இருங்க. சும்மா சும்மா போயி ஆறுன புண்ணக் கீறாதீக" என்றாள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. இன்றைக்கு மூன்று பேரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

ஜூன் 29, சனி

மழை விட்டபாடில்லை. அலமாரியில் பட்டுப்புடவை ஓரம் பூஞ்சை பிடித்துவிட்டது. ஒகாஜிமா சான் இரண்டு வாரமாக வரவில்லை, அவர் மாமியாருக்கு உடம்பு சரியில்லையாம். வேறொருவர் வந்து தபாலாபீசில் பேசுவது எப்படி என்று நடத்தினார். இவர் கார் சாவியை எங்கேயோ எடுத்து வைத்துவிட்டு பஸ்ஸில்தான் போகிறார். மழைக்கு அதுதான் நல்லது.

ஜூலை 5

இவருடைய மேலதிகாரி வாரா வாரம் கேட்கிறாராம், "அந்த வீட்டுக்குப் போனீர்களா?" என்று. "அதான் போயிட்டு வந்துட்டேனே" என்று இவர் சொல்லிவிட்டாராம். அதற்கு அந்த அதிகாரி, "அப்படியா" என்றாராம்.

இங்கே எல்லாரும் அப்படியா, அப்படியா என்கிறார்கள். நம் ஊரில் அப்படியா என்றால் அடுத்து ஒரு கேள்வி வரும். இங்கே அதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

ஜூலை 13, சனி

ஒகாஜிமா சான் வந்துவிட்டார். இன்றைக்குப் பாடம், ஒருவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போவது. புத்தகத்தில் படம் போட்டிருந்தது: பாய், மேசை, தேநீர். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கையைத் தூக்கி, "எனக்குத் தெரியும், நான் குடித்திருக்கிறேன்" என்று தகாமுரா வீட்டுக் கதையைச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அன்றைக்கா குடித்தீர்கள்?"

"ஆமாம். இரண்டு கப்."

பல்லிடுக்கில் மூச்சு. மற்றவர்களைப் பாடத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு என்னை வெளியே காபி மெஷின் பக்கம் கூட்டிப்போனார். 

"வாசலுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் தேநீர் வைப்போம். வைப்பது எங்கள் முறை. மன்னிப்புக் கேட்க வந்தவர் அதை…" என்று நிறுத்திவிட்டார்.

"தொடக் கூடாதா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தொடக் கூடாதென்றால் எதற்கு வைக்க வேண்டும்? இரண்டாம் தடவை எதற்கு ஊற்ற வேண்டும்?" என்று அரைகுறை ஜப்பானியத்தில் கத்தினேன். என் பாஷை கோணல்மாணல், ஆனால் கோபம் புரிந்திருக்கும். அவர் மெதுவாகக் கேட்டார்: "அதற்குப் பிறகு எத்தனை தடவை போனீர்கள்?"

 வகுப்பு முடியுமுன்னே கிளம்பிவிட்டேன். அவரும் ஒரு ஆள்தானே, அவர் சொல்வது ஜப்பான் பூராவுக்கும் சட்டமா? மருமகள் முகம் நல்ல முகம். எனக்கு முகம் பார்க்கத் தெரியும்.

ஜூலை 14

இவரிடம் சொல்லவில்லை. "இன்னொரு நடை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்திருவோமா?" என்று மட்டும் கேட்டேன். "என்ன திடீர்னு?" என்றார். "சும்மாதான், மரியாதைக்கு" என்றேன்.

ஜூலை 18

இன்சூரன்ஸ்காரர் மூலமாக வீட்டாரிடம் கேட்டோம். பதில் வந்தது: "தயவுசெய்து சிரமப்பட்டுக்கொள்ள வேண்டாம்."

இதற்கு வா என்று அர்த்தமா, வராதே என்று அர்த்தமா? நம் வீட்டில் 'எதுக்கு உங்களுக்குச் சிரமம்' என்றால் கட்டாயம் வா, வரும்போது பூவும் வாங்கிவா என்று அர்த்தம். இவர், "கூப்பிடுறாக போல" என்றார். ஒகாஜிமா சானிடம் கேட்டிருக்கலாம். கேட்க முகமில்லை.

ஜூலை 20, சனி

வகுப்புக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனோம், மறுபடியும் கறுப்பு, மறுபடியும் கனமான பெட்டி. ரிசப்ஷன் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, குடும்பத்தாரைத் தவிர யாரையும் அனுமதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். நூறு தடவை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொன்னாள். பெட்டியையாவது கொடுங்கள் என்றேன். அதற்கும் குனிந்தாள். ஒருத்தி இத்தனை மரியாதையாக முடியாது என்று சொன்னால் யாரோடு சண்டை போடுவது?

அந்த அம்மாள் மேலே ஏதோ ஒரு மாடியில் படுத்திருக்கிறார். லிப்ட் கதவு திறந்து திறந்து மூடியது. நாங்கள் சோபாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்துவிட்டோம்.

மதி பெட்டியைப் பார்த்ததும், "எனக்கா?" என்று நாடாவை அவிழ்க்கப் போனாள். முதுகில் ஒன்று வைத்தேன். பிள்ளை பாவம், அவளுக்கு என்ன தெரியும். பிறகு கட்டிப்பிடித்து நானும் அழுதேன். பெட்டியை ஃபிரிட்ஜ்மேல் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 2

பள்ளிக்கூட லீவு. வெயில் நெருப்பாய்க் கொட்டுகிறது. இவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, பேன்ட் இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது, பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக் கொடுத்தேன். குளியலறைக்குள் போனால் வெகுநேரம் தண்ணீர்ச் சத்தமே கேட்பதில்லை. "என்னங்க, தூங்கிட்டீகளா?" என்று கதவைத் தட்டுவேன். "இல்ல" என்பார். தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன், துருப்பிடித்துக் கிடந்தது.

ஆகஸ்ட் 22

மதியம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன். இவர் ஆபீஸில். ஒகாஜிமா சான் சொல்லிக்கொடுத்தபடி, "மெதுவாகப் பேசுங்கள்" என்றேன். அவர் மெதுவாகப் பேசினார். தகாமுரா சான் என்பது புரிந்தது, திங்கட்கிழமை என்பது புரிந்தது, உங்கள் கணவர் மறுபடி வர வேண்டும் என்பது புரிந்தது. நடுவில் ஒரு வார்த்தை மட்டும் பிடிபடவில்லை. "இன்னொரு முறை" என்றேன். அதே வார்த்தையைச் சொன்னார். "இன்னொரு முறை" என்றேன். ஸ்பீக்கரில் போட்டு நோட்டில் எழுதிக்கொள்ளப் பார்த்தேன்.

மதி சாப்பாட்டு மேசையில் லீவு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அம்மா, அந்தப் பாட்டி செத்துட்டாங்களாம். நிமோனியாவாம். அப்பா கார் இடிச்சதே, அந்தப் பாட்டிதானே?"

இந்தப் பேச்சு எதுவும் அவள் காதில் விழக் கூடாதென்று இத்தனை நாள் நாங்கள் அறைக்குள் கிசுகிசுத்தோம். எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வெளியே ஊர் கிசுகிசுத்த ஜப்பானியம் முழுவதும் அவளுக்கு மட்டும்தானே புரியும்.

தகனம் நேற்றே முடிந்துவிட்டதாம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல நாங்கள் யார்?

ஆகஸ்ட் 25

மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு வக்கீலைப் பார்த்தோம். படுக்கையில் கிடந்ததால் வந்த நிமோனியாவாம், அதனால் இதுவரை காய வழக்கு, இனி மரண வழக்கு. கோர்ட்டுக்குப் போகலாம், சிறைத் தண்டனை வரைக்கும் வரலாம். ஒத்திவைத்த தண்டனையானாலும் விசா கிடைக்குமா என்று சொல்ல முடியாதாம். ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. இறந்தவரின் குடும்பம், கடுமையான தண்டனையை நாங்கள் விரும்பவில்லை என்று எழுதிக் கொடுத்தால் அரசு வக்கீல் அதை மதிப்பார். வேறு எதற்கும் அந்த எடை கிடையாது.

தேவசகாயம் அண்ணன் சாயங்காலம் வந்து சோபாவில் உட்கார்ந்தார். "நான் நல்லதுக்குத்தான் சொன்னேன் தங்கச்சி" என்றார். "நல்லா சொன்னீங்கண்ணே. அன்னைக்கே போயிருந்தா ஆஸ்பத்திரில அந்த அம்மா காலையாவது தொட்டிருப்பேன்" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டேன். அவர் காபி குடிக்காமலே போய்விட்டார். இவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அண்ணன்மேல் மட்டும் பழியைப் போடுகிறேன். பரவாயில்லை, யார்மேலாவது போட்டால்தான் மூச்சு விட முடிகிறது.

செப்டம்பர் 7, சனி

வெட்கத்தை விட்டு வகுப்புக்குப் போனேன். ஒகாஜிமா சான் ஒரு வார்த்தை பழசைப் பேசவில்லை. ஏற்கெனவே கேள்விப்பட்டிருக்கிறார், மருந்துக்கடைக்கு எல்லாரும் வருகிறார்கள்தானே. எனக்குத் தனியாகத் தாள் எழுதி வைத்திருந்தார். இழவு வீட்டில் சொல்கிற வார்த்தைகள். அங்கே வாக்கியத்தை முடிக்காமல், பாதியில் தேய்ந்துபோகிற மாதிரித்தான் பேச வேண்டுமாம். துக்கத்தில் முழு வாக்கியம் வராது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

நான் நோட்டில் கண்ணீரைச் சிந்திவிட்டேன். அவர் கைக்குட்டை கொடுத்துவிட்டு இந்த முறை பாதியில் நிறுத்தாமல் முழு வாக்கியமாகவே சொன்னார்: "செண்பகம் சான், தேநீரைப் பற்றி நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு."

அவர் தப்பு இல்லை. நான்தான் வா என்றதும் போனேன், கொடுத்ததும் குடித்தேன், ருசி என்றும் சொன்னேன். பெற்ற தாய் ஆபரேஷன் முடிந்து கிடக்க, எதிரில் ஒருத்தி பிஸ்கட்டை மென்றுகொண்டு ருசி என்கிறாள். அந்த மகன் வேறென்ன சொல்வார்? அப்படியா என்றுதான் சொல்வார்.

செப்டம்பர் 21, சனி

நேரில் வந்து குனிய அனுமதி கேட்டிருந்தோம், வக்கீல் மூலமாகப் பதில் வந்துவிட்டது. நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்த பிறகு வரலாமாம். மனைவி மட்டும். கணவனைப் பார்க்கிற தெம்பு தனக்கு இல்லை என்றாராம் மகன்.

இவர் கேட்டுவிட்டு, "நீ போனாப் போதும். நீ நல்லாப் பேசுவ" என்றார். இந்த வீட்டில் என் ஜப்பானியத்தை நம்புகிற ஒரே ஆள்.

அக்டோபர் 3

இரண்டு வாரமாக வேறு வேலையே இல்லை. அடுப்படியில் பேசுகிறேன், துணி காயப்போடும்போது பேசுகிறேன். மதி எதிரில் நின்று தகாமுரா சானாக நடிக்கிறாள். நான் குனிவேன், அவள் என் முதுகைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் கீழ, அம்மா" என்பாள். எட்டு வயசுப் பிள்ளைக்கு இது விளையாட்டா? அவள் சிரிக்காமல்தான் செய்கிறாள். நேற்று அவளாகவே கேட்டாள், "அவங்க எழுதித் தரலேன்னா நாம கோவில்பட்டிக்குப் போயிருவோமா, அப்பா மட்டும் இங்கயே இருப்பாங்களா?" என்று. சாப்பிடு என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 12, சனி

போய்விட்டு வந்தேன்.

இவரும் கூடவே பஸ்ஸில் வந்தார். தகாமுரா வீட்டுத் தெருவுக்குள் வரவில்லை, பஸ் நிறுத்தத்து பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார். "நிதானமாப் பேசு. அவுக சொல்றத ஒரு வார்த்த விடாமக் கேட்டுக்கோ" என்றார். இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டிருந்தார்.

மகன்தான் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து ஊதுபத்தி வாசனை வந்தது. செருப்பு விடுகிற இடத்தில் நின்று குனிந்து, மனப்பாடம் பண்ணினதை எல்லாம் சொன்னேன். பாதியில் தேய்கிற மாதிரி சொல்ல நான் நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. கடைசியில், எழுதித் தரும்படி கேட்டேன். என் கணவர் நல்லவர் என்று சொல்லவில்லை, மழை என்று சொல்லவில்லை. குனிந்தபடியே இருந்தேன்.

"நிமிருங்கள்" என்றார்.

நிமிர்ந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு பேசினார். எனக்குப் புரிய வேண்டுமென்று ஒவ்வொரு வார்த்தையாக, எளிய வார்த்தையாகத் தேடித் தேடி, மதியின் டீச்சர் சின்னப் பிள்ளைகளிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

"அம்மா ஆஸ்பத்திரியில் உங்களைப் பற்றிக் கேட்டார். நான் சொன்னேன். குழந்தை இருக்கிறது என்றும் சொன்னேன். அம்மா சொன்னார், அந்த மனிதரைக் கடுமையாகத் தண்டிக்க வேண்டாம், நீ எழுதிக் கொடு என்று. நான் சரி என்று சொன்னேன்."

எனக்கு உயிர் வந்தது. வாயைத் திறக்கப் போனேன். அவர் கையை லேசாகத் தூக்கினார்.

"தினமும் எழுத உட்காருகிறேன். என்னால் முடியவில்லை. அம்மாவிடம் நான் பொய் சொல்லிவிட்டேன். எழுத மாட்டேன். இனி வர வேண்டாம்."

சொல்லிவிட்டு அவர் குனிந்தார். நான் குனிந்ததைவிடக் கீழே குனிந்தார். அந்த மகனின் உச்சித்தலையில் நரைத்த முடி தெரிந்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதற்கு எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. நானும் குனிந்தேன். கதவைச் சாத்தும்போதுகூட அவர் சத்தம் வராமல் சாத்தினார்.

ஒன்றரை வருஷம் படித்ததில் ஒரு ஜப்பானியர் பேசி முடிக்கும் வரைக்கும் ஒரு வார்த்தைகூட விடாமல் எனக்குப் புரிந்தது இன்றைக்குத்தான்.

பஸ் நிறுத்தத்தில் இவர் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"என்ன சொன்னாரு?"

"வேகமாப் பேசிட்டாருங்க. எனக்கு முழுசாப் புரியல" என்றேன்.

"கோவமாப் பேசுனாரா?"

"இல்ல. கோவமெல்லாம் இல்ல. கடைசில அவரே குனிஞ்சாரு."

இவர் முகம் மலர்ந்துவிட்டது. ஜூன் மாதத்துக்குப் பிறகு இந்த முகத்தில் நான் சிரிப்பைப் பார்க்கவே இல்லை. "அவரே குனிஞ்சாரா? நம்மகிட்டயா? அப்ப எழுதிக் குடுத்துருவாரு செண்பகம். மனசு எறங்காமலா குனிவாரு?"

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தோம்.

"குடுத்துருவாருல்ல?" என்றார் மறுபடியும்.

"ஆமாங்க" என்றேன்.